செயல்விளக்க நோயாளி எண் ஒன்று

முதலமடை சின்னமுத்துவுக்கு நாற்பத்தாறு வயதாகும்வரை மூத்திரத்தைப் பற்றித் தனியாக உட்கார்ந்து யோசிக்கும் அவசியம் வந்ததில்லை. மாங்காய் ஏற்றும் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு மாசி பிறந்துவிட்டால் சோறு தின்னவே நேரம் இருக்காது. தோப்பில் பெட்டி பெட்டியாக ஏற்றி மண்டியில் கொண்டுபோய் இறக்க வேண்டும். இறக்கி முடிப்பதற்குள் அடுத்த தோப்பிலிருந்து போன் வரும். அப்படி ஒரு மாசி மாதத்தில்தான் மாமனார் அப்புசாமிக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டது.

அப்புசாமி நாற்பது வருஷம் மாந்தோப்புக் காவல் பார்த்தவர். ஒரே மகள் மாரீஸ்வரியைச் சின்னமுத்துவுக்குக் கொடுத்துவிட்டு, மனைவி போனபின் அவர்கள் வீட்டோடு வந்துவிட்டார். அரசு ஆஸ்பத்திரியில் அவருக்குக் குழாய் போட்டு, குழாயின் நுனியில் ஒரு பையை மாட்டி அனுப்பினார்கள். மூத்திரப் பாதையை அடைக்கும் வீக்கத்தை அறுத்து எடுக்க வேண்டும், அடுத்த மாதம் பத்தாம் தேதி ஆபரேஷன் என்றார் டாக்டர். அதற்கு முன்னால் ஒரு கல்ச்சர் ரிப்போர்ட் வேண்டும். மூத்திரத்தில் கிருமி இருக்கிறதா, இருந்தால் எந்த மருந்துக்கு அது சாகும் என்று சொல்லும் காகிதம் அது.

"பெரிய லேபுல குடுத்துருங்க. ரெண்டு நாள்ல வந்துரும்" என்றார் டாக்டர்.

பெரிய லேபு என்பது கொல்லங்கோட்டுச் சாலையில் போன வருஷம் திறந்த கட்டடம். முழுப்பெயர் கிழக்கு மண்டல நுண்ணுயிர்த் தரமேன்மை ஆய்வுக்கூடம். சுற்றிலும் பனைமரமும் காய்ந்த வயலும் கிடக்க, நடுவில் நீலக் கண்ணாடி போட்டு இரண்டு மாடி. தனியார் லேபுக்காரர்கள்கூடக் கல்ச்சரை அங்கேதான் அனுப்பினார்கள். ஆகவே சுற்று வட்டாரத்தில் எவருடைய கிருமிக்கும் அதைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

மறுநாள் காலையில் சின்னமுத்து பையின் திருகைத் திறந்து ஒரு சுத்தமான புட்டியில் பிடித்துக்கொண்டு போனான். மாதிரி ஏற்புக் கவுண்டரில் பூபதிராஜா உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் உறை, கையுறைக்கு மேல் ஒரு மோதிரம்.

"இது எங்கிருந்து எடுத்தது?"

"என்ற மாமனாருகிட்ட இருந்துங்க."

"அவர்கிட்ட எங்கிருந்து?"

சின்னமுத்து திரும்பிப் பார்த்தான். வரிசையில் மூன்று பெண்கள் நின்றார்கள். "எல்லாருக்கும் எங்கிருந்து வருமோ அங்கிருந்துதானுங்க."

"குழாய் போட்ட ஆளுன்னு சீட்டுல எழுதியிருக்குது. பையில இருந்து புடிச்சீங்களா?"

"ஆமாங்க. பையிலதான இருக்குது."

பூபதிராஜா பேனாவைக் கீழே வைத்தார். "பையில இருக்கறது மூத்திரம் இல்லீங்க. அது மூத்திரமா இருந்தது. அதுல ராத்திரி பூராக் கிருமி குட்டி போட்டுருக்கும். அதை வெச்சு நாங்க ரிப்போர்ட் குடுத்தா அது உங்க மாமனாரோட ரிப்போர்ட் இல்ல. பையோட ரிப்போர்ட்."

சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்று சின்னமுத்துவுக்கே பட்டது. சீட்டின்மேல் 'நிராகரிக்கப்பட்டது' என்று சிவப்பு முத்திரை விழுந்தது.

"அப்ப எப்படிங்க எடுக்கோணும்?"

"அதைச் சேகரிப்புப் பிரிவுலதான் கேக்கோணும். நாங்க ஏற்புப் பிரிவு."

"சேகரிப்புப் பிரிவு எங்கீங்க இருக்குது?"

"இன்னும் தொடங்கல" என்றார் பூபதிராஜா. "அடுத்த டோக்கன்."

வழி சொன்னது ஜிஸ்மிதான். பாலியேட்டிவ் பிரிவின் ஜீப்பில் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கும் நர்ஸ். மலைமேல் பள்ளிவாசல் என்ற ஊர்ப்பக்கம் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்த பெண். மலைக்குளிரில் வளர்ந்தவள் முதலமடை வெயிலுக்கு வந்து மூன்று வருஷம் ஆகியும் முகம் கன்றிப்போய்த்தான் இருக்கும்.

"பையில எடுக்கப்பிடாதுண்ணே" என்றாள். "குழாய்ல இந்தா, இந்த ரப்பர் இடம் இருக்குல்லா, இதுக்குக் கீழ கிளிப் போட்டுக் கொஞ்ச நேரம் வைக்கணும். புதுசா ஊறி வரும். ரப்பரத் தொடச்சிட்டு சிரிஞ்சால உறிஞ்சி எடுக்கணும். எடுத்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள லேப்ல ஏறணும். போற வழியெல்லாம் ஐஸ்ல இருக்கட்டும்."

அவளே எடுத்துக் கொடுத்தாள். சின்னமுத்து ஐஸ் போட்ட டப்பாவில் புட்டியை வைத்து, ஆட்டோவில் பக்கத்து இருக்கையில் வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு பறந்தான். மண்டியிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

பூபதிராஜா புட்டியைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், குறை சொல்ல எதுவும் இல்லாததால் கணினியைப் பார்த்தார்.

"நடுத்தாரையா?"

"என்னுங்க?"

"சிஸ்டம் மூணு கேள்வி கேக்குது. முதல் தாரைய வெளிய விட்டீங்களா, நடுத்தாரையப் புடிச்சீங்களா, கடைசித் தாரைய விட்டீங்களா. மூணுக்கும் ஆமான்னு போட்டாத்தான் அடுத்த பக்கம் தொறக்கும்."

"அவருக்குத் தாரையே இல்லீங்களே. குழாயில சொட்டுச் சொட்டா வருது."

"அப்ப இல்லைன்னு போடட்டுமா?"

"போடுங்க."

பூபதிராஜா போட்டார். திரை சிவந்தது. மாதிரி தகுதியற்றது என்று எழுத்து வந்தது.

"ஆமான்னு போட்டிருந்தா எடுத்திருக்குமுங்களா?"

"எடுத்திருக்கும். ஆனா அது பொய்த் தகவல். உங்க மேல கேஸ் ஆயிரும்." பூபதிராஜா குரலைத் தாழ்த்தினார். நல்ல மனுஷன்தான். "ஒரு வழி இருக்குது. வில்லேஜ் ஆபீஸ்ல தாரை இல்லைன்னு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. அதை வெச்சு விதிவிலக்குப் படிவத்துல ஏத்தலாம்."

வில்லேஜ் ஆபீஸில் சாதிக்கும் வருமானத்துக்கும் உயிரோடு இருப்பதற்கும் படிவம் இருந்தது. தாரைக்கு இல்லை. அதிகாரி ஒரு நாள் யோசித்தார். மறுநாள் உதவியாளரை அனுப்பி விசாரித்தார். உதவியாளர் கட்டிலருகே வந்து குழாயைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். 'மேற்படி முதலமடை அப்புசாமிக்கு மேற்படி தாரை இல்லை என்பது நேரடி விசாரணையில் தெரியவந்தது' என்று முத்திரை போட்டுக் காகிதம் வந்தது.

அப்புசாமி அதைக் கையில் வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"மாப்ள, வடக்கூட்டுக்காரனும் ஒப்பு வெச்சானுங்களா?"

"வெச்சாருங்க மாமா."

"அவனுக்கும் எனக்கும் வேலித் தகராறு. கோர்ட்டுல எனக்கு எதுராத்தான் சாட்சி சொன்னான். இதுக்காச்சும் உண்மையச் சொன்னானே" என்றார். சிரிக்கப் பார்த்தவருக்கு உடம்பு நடுங்கியது. மாரீஸ்வரி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது.

அன்றைக்குத் தொடங்கிய காய்ச்சல். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார், கேட்கவில்லை. வேறொன்று மாற்றிக் கொடுத்தார், அதுவும் கேட்கவில்லை. "இனி நான் இருட்டுல கல் எறிய முடியாது. எந்த மருந்து கேக்கும்னு தெரியணும். கல்ச்சர் ரிப்போர்ட்ட வாங்குங்க" என்றார். மாரீஸ்வரி ஈரத்துணியைப் பிழிந்து அப்பனின் நெற்றியில் போட்டுவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குச் சின்னமுத்து வாசலுக்கும் உள்ளுக்குமாக நாலு தடவை நடந்தான்.

மூன்றாவது முறை ஒன்பது மணிக்கு ஜிஸ்மி எடுத்துக் கொடுத்தாள். ஒன்பது இருபதுக்கு அவன் லேபில் நின்றான். கையில் ஐஸ் டப்பா, சீட்டு, சர்ட்டிபிகேட்டின் மூன்று நகல். கவுண்டர் பத்து மணிக்குத் திறந்தது. பத்தரைக்குத் தேநீருக்கு மூடியது. அவன் டோக்கனைக் கூப்பிட்டபோது மணி பதினொன்று பத்து.

"காலாவதி" என்றார் பூபதிராஜா. "ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம்."

"நான் ஒம்பது இருபதுக்கே வந்துட்டனுங்களே. அந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். நீங்களே பாத்தீங்களே."

"நீங்க வந்தீங்க. மாதிரி வரல. நான் பேரைக் கூப்பிட்டாத்தான் மாதிரி வந்ததா அர்த்தம்."

"ஐஸ்ல வெச்சிருக்கறனுங்க. வெச்சிருந்தா தாங்கும்னு நர்ஸம்மா சொன்னாங்க."

"தாங்கும். ஆனா அது உங்க ஐஸ். எங்க குளிர்ல இருந்தாத்தான் கணக்கு." பூபதிராஜா சுவரோரம் நின்ற வெள்ளைக் குளிர்ப்பெட்டியைக் காட்டினார். காத்திருக்கும் மாதிரிகளுக்காக என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. கைப்பிடியில் அரக்கு முத்திரை.

"அதுல வெச்சிருக்கலாமுங்களே."

"தொறந்தா குளிர் போயிருமுங்க." கதவில் ஒட்டியிருந்த அட்டையைப் பெருமையாகத் தடவினார். பதினோரு மாதமாக ஒவ்வொரு நாளும் நான்கு டிகிரி என்று ஒரே கையெழுத்தில் எழுதியிருந்தது. "இந்த ஜில்லாவுலயே இப்படி ஒரு சார்ட்டு வேற எங்கயும் கிடையாது."

நான்காவது முறை எல்லாம் சரியாக இருந்தது. நேரம் சரி, படிவம் சரி, சர்ட்டிபிகேட் சரி. ஆனால் அன்றைக்குத் தர வாரம் தொடங்கியது. தர வாரத்தில் மாதிரி வாங்கினால் தரத்தைக் கொண்டாட ஆள் போதாது என்பதால் கவுண்டருக்கு விடுமுறை. வாசலில் நின்ற காவலாளி சின்னமுத்துவின் கையிலிருந்த டப்பாவைப் பார்த்துவிட்டு, இவனும் விழாவுக்கு வந்தவன் என்று நினைத்து உள்ளே கொண்டுபோய் மூன்றாம் வரிசையில் உட்காரவைத்தான். சட்டையில் ஒரு வட்டச் சீட்டைக் குத்தினான். 'தரத்தின் தோழன்' என்று அதில் இருந்தது. கையில் ஒரு பிஸ்கட் பொட்டலமும் வந்தது. மடியில் டப்பா. டப்பாவில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

மேடையில் தலைமை அதிகாரி டாக்டர் சதீஷ் எழுந்தார். வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம் இல்லை.

"அன்பான நண்பர்களே, தப்பான ரிப்போர்ட் ஒரு நோயாளியைக் கொல்லும். ரிப்போர்ட் இல்லாமல் யாரும் செத்ததாக எங்கள் பதிவேட்டில் இல்லை. அப்படி ஒரு கட்டமே எங்கள் பதிவேட்டில் கிடையாது. குழாய் போட்ட நோயாளிகளின் மாதிரி மிகவும் கடினமான மாதிரி. உலகமெங்கும் அதில் தவறு நடக்கிறது. நம் ஆய்வுக்கூடத்தில் சென்ற ஆண்டு அந்த வகையில் எத்தனை தவறு நடந்தது தெரியுமா? பூஜ்யம்."

கை தட்டினார்கள்.

"வந்த மாதிரிகள் நானூற்றுப் பன்னிரண்டு. நிராகரித்தவை நானூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுகூட நம் கண்ணில் மண்ணைத் தூவி உள்ளே நுழைய முடியவில்லை. இந்த விழிப்புக்குப் பின்னால் நம் ஏற்புப் பிரிவின் உழைப்பு இருக்கிறது. வரும் ஆண்டில் இதே தரத்தை ரத்தப் பரிசோதனைக்கும் கொண்டுவருவோம் என்று உறுதி சொல்கிறேன்."

பூபதிராஜாவுக்குச் சால்வை போட்டார்கள். அவர் கண் கலங்கியது. பிறகு பொதுமக்கள் கேள்வி கேட்கலாம் என்றார்கள். பொதுமக்கள் என்று அங்கே இருந்தது சின்னமுத்து ஒருவன்தான். எழுந்து நின்றான்.

"ஏனுங்க சார், என்ற மாமனாருக்கு ஆறு நாளாக் காய்ச்சலுங்க. ரெண்டு மாத்திரை குடுத்தும் கேக்கல. நாலு வாட்டி மாதிரி கொண்டாந்துட்டனுங்க. இன்னும் எப்படிக் கொண்டாந்தா எடுப்பீங்கன்னு சொன்னீங்கன்னா அப்படியே கொண்டாந்துருவேன்."

டாக்டர் சதீஷ் கேட்டு முடித்துவிட்டு சபையைப் பார்த்தார். "நாலு வாட்டி. கவனித்தீர்களா? நிராகரிக்க நிராகரிக்கத் திரும்ப வருகிறார். பொதுமக்கள் நம்மேல் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?"

கைத்தட்டல் அடங்க நேரம் பிடித்தது. சின்னமுத்து நின்றபடியே இருந்தான். அவன் கேள்வி பாராட்டுப் பதிவேட்டில் ஏறியது. ஒப்பு வைக்கச் சொன்னார்கள். வைத்தான்.

அதற்கு மூன்றாம் நாள் காலையில் மண்டியில் சுமை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"சின்னமுத்து சாருங்களா? பூபதிராஜா பேசறேன். அப்பா எப்படி இருக்காரு?"

"யாரப்பாங்க?"

"நம்ம அப்புசாமி ஐயாதானுங்க. குழாய் இருக்குதுங்களா? எடுத்துடலையே?"

இருக்கிறது என்றதும் அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. விஷயம் இதுதான். லேபுக்கு அங்கீகாரம் கொடுப்பதற்கு வெளியூரிலிருந்து தணிக்கைக் குழு வந்திருந்தது. குழுவின் தலைவி அதிகம் பேசாத அம்மாள். எல்லா அட்டையையும் புரட்டிப் பார்த்துவிட்டு, குழாய் நோயாளியின் மாதிரி ஒன்றை எடுப்பதிலிருந்து அறிக்கை வரைக்கும் செய்து காட்டுங்கள் என்றாராம். காட்டுவதற்கு லேபில் ஒரு சொட்டு இல்லை.

சின்னமுத்து ஆட்டோவை அப்படியே போட்டுவிட்டு, ஜிஸ்மிக்கு ஒரு போன் அடித்துவிட்டு வீட்டுக்கு ஓடினான். அவனுக்கு முன்னால் இரண்டு ஜீப்புகள் போய் நின்றிருந்தன.

அப்புசாமியின் கட்டிலைச் சுற்றி ஏழு பேர் நின்றார்கள். டாக்டர் சதீஷ் நீல உடுப்பும் தலைக்கு உறையும் போட்டிருந்தார். காய்ச்சலில் கிழவரின் உதடு வெடித்திருந்தது. கண்ணைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"எதுக்குங் சாமி இத்தன பேரு?"

"உங்கள் மாதிரிக்காக ஐயா" என்றார் சதீஷ்.

"நாலு வாட்டி மாப்ள கொண்டாந்தப்ப வேண்டாம்னீங்களாமா?"

தலைவி அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "நான்கு முறையா?"

"தொடர் கண்காணிப்பில் இருக்கும் நோயாளி மேடம்" என்றார் சதீஷ்.

குழாயில் கிளிப் போட்டார்கள். ஏழு பேரும் காத்திருந்தார்கள். காலையிலிருந்து கிழவர் குமட்டல் என்று எதுவும் குடிக்கவில்லை. பத்து நிமிஷம் போனது, கால் மணி நேரம் போனது. குழாய் வெறுமையாகவே இருந்தது. இளநீர் கொடுக்கலாம் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் ஜீப்பில் ஓடிப்போய் நாலு இளநீர் கொண்டுவந்தார். மாரீஸ்வரி ஒரு டம்ளரில் ஊற்றி அப்பனின் தலையைத் தூக்கிப் பிடித்தாள். கிழவர் ஒரு மடக்குக் குடித்தார். ஏழு பேரும் குழாயைப் பார்த்தார்கள். நேரம் வீணாகக் கூடாது என்று டாக்டர் சதீஷ் ஆய்வுக்கூடத்தின் தொலைநோக்குத் திட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மூன்றாவது அம்சத்தில் இருந்தபோது குழாயில் மஞ்சளாக ஒரு கோடு இறங்கியது. பூபதிராஜா தன்னையறியாமல் கை தட்டிவிட்டார்.

சதீஷ் சிரிஞ்சை எடுத்தார். குனிந்து பையின் அடித்திருகுக்கு அருகே கொண்டுபோனார்.

"சார், அங்க இல்ல. இங்க" என்றாள் ஜிஸ்மி. அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள்.

சதீஷ் நிமிர்ந்தார். "உன்னைச் சோதித்தேன்" என்றார். "நல்ல பெண். நீயே எடு."

ஜிஸ்மி ரப்பரைத் துடைத்து, உறிஞ்சி, புட்டியில் விட்டு மூடினாள். புட்டியைப் புகைப்படம் எடுத்தார்கள். புட்டியோடு சதீஷைப் புகைப்படம் எடுத்தார்கள். ஜீப் கிளம்பிப் பதினைந்தாவது நிமிஷத்தில் மாதிரி உள்ளே ஏறிவிட்டதாகப் பூபதிராஜா போனில் சொன்னார். குரல் தழுதழுத்தது. மூன்று கேள்விகளையும் சிஸ்டத்திலிருந்து ஒரு நாளைக்கு எடுத்துவிட்டார்களாம்.

இரண்டு நாள் சின்னமுத்து மணிக்கு ஒரு முறை போனைப் பார்த்தான். கிழவர் பிதற்ற ஆரம்பித்திருந்தார். இல்லாத தோப்பில் இல்லாத திருடனை அதட்டினார். மூன்றாம் நாள் காலையில் லேபு திறக்குமுன் சின்னமுத்து வாசலில் நின்றான். உள்ளே தோரணம் கட்டியிருந்தார்கள். அங்கீகாரம் கிடைத்துவிட்டது.

"ரிப்போர்ட்டு வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சு. பிரமாதமா வந்திருக்குது" என்றார் பூபதிராஜா. "இந்தக் கட்டடத்துல இப்படி ஒரு ரிப்போர்ட் இதுக்கு முன்னால வந்ததில்ல."

"குடுங்க."

"குடுக்க முடியாதுங்களே. உங்க மாமனாரு பேர்ல மாதிரி ஏதும் ஏறல. அவரு பேர்ல இருக்கறது மூணு நிராகரிப்பு. இது செயல்விளக்க நோயாளி எண் ஒன்று. ரகசியம் காக்கோணுமில்லீங்களா?"

"அந்த எண் ஒன்று என்ற மாமனாருதான்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க? நீங்க ஊட்டுக்கு வந்து நின்னீங்க. கை தட்டுனீங்க."

"எனக்குத் தெரியும்" என்றார் பூபதிராஜா. முகம் வாடியது. "கவுண்டருக்குத் தெரியாதுங்க."

சின்னமுத்து வேறு பக்கம் திரும்பினான். எதிர்ச்சுவரில் ரிப்போர்ட் தொங்கியது. பெரிதாக்கி, தேக்குச் சட்டம் போட்டு, கண்ணாடி வைத்து, மேலே ஒரு விளக்கும் போட்டிருந்தார்கள். 'எங்கள் பெருமை' என்று தலைப்பு. கீழே ஆங்கிலத்தில் மருந்துகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து. சின்னமுத்து போனை உயர்த்தினான். காவலாளி வந்து கையைப் பிடித்தான். இங்கே போட்டோ எடுக்கக் கூடாது.

சரி என்று போனைக் காதில் வைத்தான். "ஜிஸ்மியம்மா, ரிப்போர்ட்டு செவுத்துல தொங்குது. எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாது. எழுத்துத் தெரியும். லாரி நம்பர் பாத்துப் பழக்கம். சொல்றேன், எழுதிக்கறீங்களா?"

"சொல்லுங்கண்ணே. பக்கத்துல ஆர் இருந்தா அந்த மருந்து கேக்காது. எஸ் இருந்தா கேக்கும். சத்தமாச் சொல்லுங்க, ஜீப்புல இரைச்சலா இருக்கு."

சின்னமுத்து மாங்காய் மண்டியில் லாரிக்காரனைக் கூப்பிடும் தொண்டையைத் திறந்தான். முதல் மருந்தின் பதின்மூன்று எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, "ஆர்" என்றான். கூடத்தில் பேச்சு நின்றது. இரண்டாவதுக்கும் ஆர். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது எல்லாம் ஆர். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து பின்னால் வந்து நின்றார்கள். பூபதிராஜா கவுண்டரில் விதிப்புத்தகத்தை எடுத்து, சுவரைப் படிப்பது என்ற தலைப்பு எங்கே இருக்கிறது என்று அவசரமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து டாக்டர் சதீஷ் எட்டிப் பார்த்தார். தம் ரிப்போர்ட்டைப் பொதுமக்கள் கூட்டமாக நின்று ரசிப்பதைக் கண்டு தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

சின்னமுத்து பத்தாவது வரிக்கு வந்தான். "ஏ. எம். ஐ. கே. ஏ. சி. ஐ. என்." மூச்சு வாங்கினான். "எஸ்."

"திரும்பச் சொல்லுங்கண்ணே."

"எஸ்ஸுங்க. கண்ணாடில கை வெச்சுப் பாத்துட்டேன். எஸ்தான்."

பூபதிராஜா புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மூடினார். அப்படி ஒரு விதி இல்லை. அவர் முகத்தில் அப்போது தெரிந்தது ஏமாற்றமா நிம்மதியா என்று சின்னமுத்துவால் சொல்ல முடியவில்லை. நின்று பார்க்க அவனுக்கு நேரமும் இல்லை.

ஜிஸ்மி எழுதிய தாளைச் சுகாதார நிலையத்து டாக்டர் பார்த்தார். ஒரு ரத்தப் பரிசோதனையையும் பார்த்துவிட்டு அன்று மத்தியானமே ஊசியைத் தொடங்கினார். ஜிஸ்மி குழாயையும் புதிதாக மாற்றினாள். மூன்றாம் நாள் கிழவருக்கு வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கியது. மாரீஸ்வரி கொண்டுவந்த கஞ்சியைக் குடித்துவிட்டு, உப்பு போதாது என்றார். அவள் உப்பு எடுக்க அடுக்களைக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. சின்னமுத்து போய்ப் பார்த்தான். உப்பு ஜாடியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

ஆபரேஷன் தேதி தவறிப்போய்ப் பங்குனிக் கடைசியில்தான் நடந்தது. அந்தத் தாளே போதும் என்று அரசு ஆஸ்பத்திரி டாக்டர் எடுத்துக்கொண்டார். அதற்குள் விஷயம் ஊருக்குள் பரவிவிட்டது. குழாய் போட்டவர்கள் வீட்டிலிருந்து சின்னமுத்துவைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இரண்டு மூன்று பேர், அந்தச் சுவரில் இருக்கும் மருந்தின் பெயரைச் சொன்னால் போதும் என்றார்கள். அது என்ற மாமனாரோட கிருமிக்குங்க, உங்களுக்கு வேற கிருமி இருக்கும் என்று அவன் பொறுமையாகச் சொல்லி அனுப்பினான்.

அப்படி வந்தவள் சின்னத்தாய். தோப்பில் காய் பொறுக்குகிறவள். புருஷனுக்குக் குழாய் போட்டு இரண்டு மாதம். காய்ச்சல் நேற்றிலிருந்து. ஜிஸ்மி எடுத்துக் கொடுத்த புட்டியை அவள் முந்தானையில் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆட்டோ நிறைய மாங்காய் இருந்தது. மண்டிக்காரன் போனில் கத்திக்கொண்டிருந்தான். சின்னமுத்து அவளை முன்னால் ஏறச் சொல்லி, சுமையோடு லேபுக்கு விட்டான்.

கூடத்தில் கூட்டம் அதிகம் இல்லை. எதிர்ச்சுவரில் சட்டம் போட்ட ரிப்போர்ட் இன்னும் தொங்கியது. ஆனால் அதன்மேல் பட்டுத்திரை போட்டிருந்தார்கள். பக்கத்தில் புதிதாக ஒரு பலகை, மூன்று மொழியில், சிவப்பு எழுத்து. கவுண்டரில் பூபதிராஜா தலையைத் தூக்கிச் சின்னமுத்துவைப் பார்த்துவிட்டு உடனே கணினிக்குத் திரும்பிக்கொண்டார்.

சின்னத்தாய்க்கு எழுத்து தெரியாது. சிவப்பாக எழுதியிருந்தால் முக்கியமான சங்கதியாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஏனுங்ணா, அதுல என்னுங்க போட்டிருக்குது? நம்ம பாட்டலு பத்தி ஏதாச்சுங்களா?"

சின்னமுத்து பலகையைப் பார்த்தான். கவுண்டரைப் பார்த்தான். காவலாளி வாசலிலிருந்து இரண்டடி உள்ளே வந்து நின்றான். சின்னத்தாய் புட்டியை இறுக்கிப் பிடித்தபடி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சுவரில் எழுதியிருப்பவற்றைச் சத்தமாகப் படிக்கக் கூடாது" என்று, கூடத்தின் கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திப் படித்தான்.